மரைக்காயரும் மெரிக்கனும்

தமிழரிடையே குடும்பப்பெயர் வழக்கம் பெரும்பான்மையும் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தன் பெயருக்கு முன் வைத்துக்கொள்வதே நம் மரபு. அவ்வெழுத்தும் தலைமுறைதோறும் மாறுவது. ஆதலால் பாட்டனுக்குப் பாட்டன் யார் என்று கேட்டால் நம்மில் பலர் விடையின்றி நிற்கின்றனர். பினாங்குத் தீவிலோ தமிழ் மண்ணினின்று சென்ற பட்டப்பெயர் ஒன்று, குடும்பப்பெயராகவே வேரூன்றி இன்றும் வழங்குகின்றது. மெரிக்கன் என்பதே அப்பெயர்.

நாகூர், காயல்பட்டினம், கீழக்கரை, பரங்கிப்பேட்டை முதலிய கடற்கரையூர்களில் கலம் செலுத்தி வணிகம் புரிந்த முஸ்லிம்கள் மரைக்காயர் எனப்பட்டனர். மரக்கலம் என்னும் சொல்லடியாகப் பிறந்தது அப்பெயர் என்பார் ஒரு சாரார். கலத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லினின்று வந்தது என்பார் மற்றொரு சாரார். அது கேரளத்தில் மரைக்கார் என்றும், இலங்கையில் மரிக்கார் என்றும், பினாங்கில் மரிக்கன், மெரிக்கன் என்றும் வழங்கலாயிற்று. மரைக்கார் சிறப்புப் பன்மை. மரைக்கான் அதன் ஒருமை. இதனை நினைவிற் கொண்டால் பினாங்கு வடிவம் அத்துணை அயலாகத் தோன்றாது.

1786இல் பிரான்சிஸ் லைட் அத்தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றிய சின்னாட்களிலேயே சோழமண்டலக் கரை வணிகர் அங்குக் குடியேறினர். அவர்களுள் தலைசிறந்தவர் காதர் முகைதீன் மரைக்காயர். பரங்கிப்பேட்டையிலிருந்து வந்தவர் எனப்படும் இவர் கப்பித்தான் என்னும் தலைமைப் பதவி பெற்றார். 1801இல் கும்பினியார் வழங்கிய நிலத்தில் எழுந்த பள்ளிவாசல் இன்றும் அவர் பதவிப் பெயராலேயே கப்பித்தான் கிளிங் பள்ளி என வழங்குகின்றது. 1834இல் மறைந்த அவருடைய அடக்கத்தலம் பள்ளிக்கு அணித்தே கம்போங் கோலத்தில் உள்ளது. கோலம் என்னும் அம்மலாய்ச் சொல் நம் குளமேயாம்!

வழிமுறை தேடுவோர்க்கு இத்தகைய கபர்களே முதல் ஏடு. தலைமாட்டில் நாட்டப்படும் மீசான் கல்லில் இறந்தவர் பெயரும், 'பின்' அல்லது 'பிந்தி' என்னும் சொல்லை அடுத்துத் தந்தை பெயரும் பொறிக்கப்படும். எழுத்து முற்றும் தேய்ந்துபோன இடத்தும் கல்லின் வடிவம் பேசும்: மலாய் மரபில் உருண்டைக்கல் ஆணுக்கும் தட்டைக்கல் பெண்ணுக்கும் உரியன.

இங்கே இடர்களும் உள. முதலாவது காலக்கணக்கு. ஹிஜ்ரி ஆண்டு சந்திரனைப் பற்றியது. ஞாயிற்றாண்டினும் ஏறத்தாழப் பதினொரு நாள் குறைந்தது. கல்லொன்றில் 1250 என்று மட்டும் இருப்பின், அது 1834 மே மாதம் தொடங்கி 1835 ஏப்ரலில் முடிந்த ஆண்டு. மாதம் அழிந்திருந்தால் இரண்டில் எது என்று துணிய இயலாது. அடுத்தது எழுத்து. ஜாவியில் உயிர்க்குறிகள் பெரும்பாலும் எழுதப்படா; ஆங்கில எழுத்தரோ காதில் விழுந்தவாறு எழுதினார். ஒருவரே கல்லில் ஒரு வடிவிலும் பதிவேட்டில் மற்றொரு வடிவிலும் காணப்படுதல் கூடும். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கமோ குழப்பத்தை இரட்டிப்பாக்கும். ஒரே பெயருடையார் இருவரை ஒருவராக்கி, நடுவில் ஒரு தலைமுறையையே விழுங்கிவிட்ட வம்சாவளிகள் எளிதில் உண்டாகும்.

எல்லாவற்றினும் பெரும்பிழை, மெரிக்கன் எனக் கண்டவுடன் கப்பித்தானின் வழி என்று முடிவு கட்டுவது. சூலியா தெருவில் நூர்தீன் குடும்பத்தாரின் அடக்கத்தலம் உள்ளது. அக்குடும்பத்தை நிலைநாட்டிய பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பெருவணிகர் முகமது மெரிக்கன் நூர்தீன். அவர் பெயரிலும் மெரிக்கன் உண்டு. ஆயினும் குடும்பத்தை இன்று அறிவிப்பது நூர்தீன் என்னும் பெயரே. ஜார்ஜ் டவுனில் ஒரு தெருவும் அப்பெயர் தாங்கியுள்ளது. மரைக்காயர் என்பது ஒரு குலமுதல்வர் பெயரன்று. பலர்க்கும் பொதுவான பட்டம். அது ஒன்றே உறவுக்குச் சான்றாகாது. உறவை உறுதிசெய்வது அதனருகே நிற்கும் தந்தை பெயரும், அடக்கம் செய்த இடமும், உயிலும் வக்பு ஆவணமும் ஆகும்.

தந்தை பெயர்வழியே தேடுவதிலும் பாதி மறைந்துவிடுகிறது. காயல்பட்டினத்தில் மணமான பின்னும் மகள் தாய்வீட்டிலேயே வாழ, வீடு பெண்வழிச் செல்வது வழக்கம். கடல் கடந்த ஆடவரோ பினாங்கிலும் கெடாவிலும் மலாய்ப் பெண்டிரை மணந்தனர். அம்மணங்களில் பிறந்தோர் ஜாவி பெரானக்கான் எனப்பட்டனர். அவர்தம் கொள்ளுப்பேரர் பலர்க்கு இன்று தமிழ் தெரியாது. கல்லின்மேல் உள்ள அப்பெயர் ஒன்றே அவர்களைச் சோழமண்டலக் கரையோடு பிணைக்கின்றது.

அக்கற்களும் வெயிலாலும் மழையாலும் தேய்கின்றன. 2000ஆம் ஆண்டில் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியபின் பழங்குடும்பங்கள் பல நகர்ப்புறத்தை விட்டு அகன்றன. 2008இல் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனை உலக மரபிடமாக ஏற்றது; கட்டடங்களுக்குக் காவல் கிடைத்தது. ஆனால் இன்ன கல் இன்னாருடையது எனச் சுட்டிக்காட்டும் முதியோரைப் பட்டியலில் சேர்த்துக் காக்க இயலுமா? அவர்கள் இருக்கும்போதே, தேய்ந்த எழுத்தைத் தாளில் படியெடுத்து, அவர்கள் சொல்லும் பெயரை அதன் பக்கத்தில் எழுதி வைத்தல் வேண்டும்.