எது அந்தக் காரின் உண்மை வரலாறு?

பழைய காரைப் புதுப்பிக்கிறவர் அதைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கே கொண்டுபோக வேண்டுமா? அல்லது அந்தக் காலத்து உரிமையாளர் செய்த மாற்றங்களோடு காக்க வேண்டுமா? நான் இரண்டாவது பக்கம் நிற்கிறேன். அமெரிக்க ‘மசல் கார்’ வரலாறே எனக்குச் சாட்சி.

நடுத்தர அளவுக் காரில் மிகப் பெரிய எட்டு சிலிண்டர் இயந்திரம். சாதாரண சம்பளக்காரரும் எட்டிப் பிடிக்கக்கூடிய விலை. அதுதான் மசல் கார். 1964ஆம் ஆண்டின் போண்டியாக் ஜி.டி.ஓ.வை அதன் முன்னோடி என்பார்கள். அந்தக் கார் பிறந்ததே விதியைச் சுற்றிப் போய்த்தான். அந்த அளவுக் காருக்கு 330 கன அங்குலத்திற்கு மேற்பட்ட இயந்திரம் கூடாது என்றிருந்தது ஜெனரல் மோட்டார்ஸ். ஜான் டிலோரியனின் குழு 389 கன அங்குல இயந்திரத்தைத் தனி மாடலாக அறிவிக்காமல், டெம்பெஸ்ட் காரின் கூடுதல் தேர்வாக விற்றது. மேலிடம் முதலில் சம்மதித்தது 5,000 கார்களுக்கு. முதல் ஆண்டில் விற்றவை 32,450.

கதை அங்கே முடியவில்லை. மிச்சிகன் மாநிலம் ராயல் ஓக் நகரில் ‘ராயல் போண்டியாக்’ என்ற விற்பனை நிலையம், புதுக் காருக்கே ‘பாப்கேட்’ என்ற மாற்றங்களைச் செய்து கொடுத்தது. ஹெட் கேஸ்கட்டை மெல்லியதாக்கினார்கள். அழுத்த விகிதம் உயர்ந்தது. கார்பரேட்டரின் ஜெட்களை மாற்றினார்கள். தேவையான பெட்ரோல் கிடைத்தது. டிஸ்ட்ரிபியூட்டரைத் திருத்தினார்கள்; தீப்பொறி முன்கூட்டியே விழுந்தது. புகையின் வெப்பம் உள்ளே வரும் கலவையைச் சூடாக்காதபடி வழியை அடைத்தார்கள். தொலைவில் இருந்தவர்களுக்கு இதே பாகங்கள் தபாலில் போயின.

அப்படிப்பட்ட காரை ‘அசல்’ ஆக்குகிறேன் என்று அந்தப் பாகங்களைக் கழற்றி எறிந்தால், தொழிற்சாலையின் வரலாறு மிஞ்சும். காரை ஓட்டியவரின் வரலாறு அழிந்துவிடும். 1971ஆம் ஆண்டு மாடல்களில் அந்த நிறுவனமே அழுத்த விகிதத்தைக் குறைத்தது. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. பத்தாண்டுகூட நிலைக்காத காலத்தின் தடயங்கள் இவை.

“அப்படியானால் எதையும் மாற்றலாமா?” என்று எதிரணி அன்பர் கேட்பார். கூடாது. அந்த ஆண்டில் கடையில் கிடைத்த பாகமாக இருக்க வேண்டும். இன்றைய கணினி எரிபொருள் முறையைப் பொருத்திவிட்டு, 1964 என்று சொல்லக் கூடாது. உயிர்ப் பாதுகாப்புக்கு மட்டும் விதிவிலக்குத் தரலாம். அன்றைய ஜி.டி.ஓ.வின் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். சாலையில் ஓட்டுகிறவர் நல்ல டயரும் பிரேக்கும் போடட்டும். அதை எழுதியும் வைக்கட்டும்.

ஏன் எழுத வேண்டும்? 1964இல் ‘கார் அண்ட் டிரைவர்’ இதழ் ஒரு ஜி.டி.ஓ.வைச் சோதித்து அதன் வேகத்தை வியந்து எழுதியது. அந்தக் காரில் இருந்தது 389 அல்ல, 421 கன அங்குல இயந்திரம் என்று போண்டியாக் விளம்பரத்தில் ஈடுபட்டிருந்த ஜிம் வாங்கர்ஸ் பல ஆண்டுகளுக்குப் பின் ஒப்புக்கொண்டார். அதுவரை அந்த வேகத்தை உண்மையென்று நம்பியவர்கள் எத்தனை பேர்!

அன்பர்களே, மாற்றியது தவறில்லை, மறைத்ததுதான் தவறு. பழைய காரை வைத்திருப்பவர் அதில் எது எப்போது மாறியது என்று ஒரு நோட்டில் குறித்து வைத்தால், அடுத்து வாங்குபவர் ஏமாற மாட்டார். வரலாறும் பிழைக்கும்.