தீத்தாங்கு கண்ணாடி

குறித்த நேரம்வரை நெருப்பை மறித்து நிற்கும் கட்டடக் கண்ணாடி. வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத் தோல், காலணி ஆலைகளில் பசையிலும் தோல் மெருகுப் பூச்சிலும் சேரும் கரைப்பான்கள் பலவும் எளிதில் தீப்பற்றுபவை. அத்தகைய கூடத்துக்கும் மாடிப்படிக்கும் இடையே கண்ணாடித் தடுப்பு வைப்பவர் விலைக்கு முன் வகையைக் கேட்க வேண்டும்.

ஐரோப்பிய வகைப்பாட்டில் 'ஈ' சுடரையும் சூடான வாயுக்களையும் மட்டும் மறிக்கும், 'ஈ.டபிள்யூ' கதிர்வெப்பத்தையும் குறைக்கும். 'ஈ.ஐ. 60' என்றால், 60 நிமிடம்வரை மறுபுறத்தின் சராசரி வெப்பநிலை தொடக்க நிலையிலிருந்து 140 டிகிரி செல்சியசுக்கு மேல் உயராது. அதன் அடுக்குகளுக்கு நடுவிலுள்ள சிலிக்கேட் படலம் சூட்டில் நுரைத்து, வெண்மையாகி, வெப்பத்தைத் தடுக்கும். மக்கள் கண்ணாடியை ஒட்டியே தப்பியோட வேண்டிய படிக்கட்டு, மருத்துவமனை நடைவழி, பள்ளித் தாழ்வாரம் ஆகியவற்றுக்கு இதுவே தகும். 'ஈ' வகை அங்கே போதாது.

'டஃபன்டு' எனப்படும் சாதாரண வலுவூட்டிய கண்ணாடி தீத்தாங்கு கண்ணாடி அல்ல. இரண்டையும் ஒன்றெனக் கொள்வது ஆபத்தான பிழை. சட்டம், விளிம்புப் பட்டை, திருகு எல்லாம் சேர்த்துச் சோதித்த தொகுதிக்கே சான்றிதழ் செல்லும். சாதாரண அலுமினியச் சட்டத்தில் பொருத்தினால் அந்த மதிப்பு போய்விடும். இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பின் 4ஆம் பகுதி தீப்பாதுகாப்பைப் பேசுகிறது.