கால் ஒரு ஸ்விட்ச் அல்ல

மகளுக்கு வாங்கிய முதல் டிஜிட்டல் பியானோவை நான் காதால் தேர்ந்தெடுத்தேன். தப்பு அங்கேயே நடந்துவிட்டது. ஹெட்ஃபோனில் சத்தம் அருமை, கூடவே ஒரு குட்டிப் பெடல் இலவசம். வேறென்ன வேணும்?

நான்கு மாதம் கழித்து ஆசிரியை வீட்டிலிருந்த நிஜப் பியானோவில் அவள் உட்கார்ந்தாள். கட்டைகளின் கனத்தில் விரல்கள் திணறின. "நல்லா வாசிக்கிறா. ஆனா கால் மட்டும் லைட்டைப் போட்டு அணைச்சுக்கிட்டே இருக்கு" என்றார் ஆசிரியை. அன்றிரவுதான் பியானோவின் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தேன்.

ஹார்ப்சிகார்டில் கம்பி மீட்டப்படுகிறது. எவ்வளவு ஓங்கி அழுத்தினாலும் சத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். 1700 வாக்கில் புளோரன்ஸில், மெடிச்சி குடும்பத்திடம் வேலை பார்த்த பார்த்தலோமியோ கிறிஸ்தோபோரி, மீட்டுவதற்குப் பதில் சுத்தியலால் அடிக்க வைத்தார். அடித்த சுத்தியல் கம்பியிலேயே நின்றால் ஒலி செத்துவிடும். அதனால் கம்பியைத் தொடுவதற்குச் சற்று முன்பே அது கட்டையின் பிடியிலிருந்து விடுபடும்படி செய்தார். கடைசிக் கணத்தில் சுத்தியல் தனியாகப் பறக்கிறது. விரல் கொடுக்க முடிந்தது வேகம் மட்டுமே. கட்டை முழுசாக மேலே வராமலே மறுபடி அடிக்கும் செபாஸ்தியன் எராரின் வழிக்கு 1821இல் காப்புரிமை கிடைத்தது.

இன்றைய டிஜிட்டல் பியானோவும் இதைத்தான் நகலெடுக்கிறது. கட்டைக்கு அடியில் உள்ள சென்சார்களை அது கடக்கும் நேர இடைவெளியே சத்தத்தின் அளவு. மூன்றாவது சென்சார் எராருக்குச் செலுத்தும் மரியாதை.

பெடலின் கதை வேறு. 1777இல் மொசார்ட் அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் ஸ்டைன் செய்த பியானோக்களைப் புகழ்கிறார். அவற்றில் ஒலியை நீட்டிக்கும் விசை முழங்காலில் இருந்தது. பிறகு அது பாதத்துக்கு இறங்கியது. பெத்தோவன் 'மூன்லைட்' சொனாட்டாவின் முதல் பகுதி முழுவதையும் கம்பிகளை அடக்காமல் வாசிக்கச் சொன்னார். அவர் காலத்துப் பியானோவில் ஒலி சீக்கிரம் மங்கிவிடும். இன்றைய பியானோவில் அப்படியே செய்தால் எல்லாம் குழம்பிக் கூழாகும். அதனால் பலர் பெடலைப் பாதி மட்டும் மிதிக்கிறார்கள்.

அந்தப் 'பாதி' எங்கள் இலவசப் பெடலில் இல்லை. இத்தனைக்கும் 1983இல் வந்த மிடி தரத்தில் பெடலுக்கு 0 முதல் 127 வரை இடமிருக்கிறது. எங்கள் பெடல் இரண்டு முனைகளை மட்டுமே பேசியது. நான் தினமும் எழுதும் பூலியன்தான். மகளின் கால் அதைக் கற்றுக்கொண்டது, குற்றம் காலுடையதல்ல.

இரண்டாம் முறை கடைக்கு அவளையும் கூட்டிப்போனேன். முதலில் சத்தத்தை அணைத்துவிட்டு, கட்டைகளை மெதுவாக அழுத்திப் பார்த்தோம். இடப்பக்கம் கொஞ்சம் கனமாக இருக்கிறதா? கட்டை பாதி ஏறும்போதே அடுத்த அடியை வாங்குகிறதா? பிறகு சத்தத்தை வைத்து ஒரு கார்டை அழுத்தி, பெடலை மிதித்து, விரலை எடுத்துவிட்டு, பாதத்தை மெல்ல உயர்த்தச் சொன்னேன். சில பியானோக்களில் ஒலி பட்டென்று அறுந்தது. ஒன்றில் மட்டும் மெல்லக் கரைந்தது.

"அப்பா, இது போகாம போகுது" என்றாள். அதையே வாங்கினோம்.