பண்ணைக் கிராமங்கள் நகரான கதை



சுவா சூ காங், லிம் சூ காங், இயோ சூ காங் என்னும் பெயர்களைச் சிங்கப்பூரில் நாம் நாள்தோறும் பேருந்துகளின் முகப்பில் பார்க்கிறோம். சுவா, லிம், இயோ என்பவை சீனக் குடும்பப் பெயர்கள். காங் என்பது ஆற்றுத்துறை. 19ஆம் நூற்றாண்டில் சீனக் குடியேறிகள் ஆற்று வழியே படகில் சென்று, காட்டைத் திருத்தி, காம்பியரும் மிளகும் பயிரிட்ட குடியிருப்புகளின் பெயர்கள்தாம் இவை.

காம்பியர் இலையைக் காய்ச்சி எடுக்கும் சாற்றைத் தோல் பதனிடவும் சாயமேற்றவும் பயன்படுத்தினார்கள். நம்மவர் வெற்றிலையோடு மெல்லும் காசுக்கட்டி போல அதையும் மெல்வதுண்டு. காய்ச்சி முடித்த சக்கை மிளகுக் கொடிக்கு உரமாயிற்று. ஆனால் அடுப்பெரிக்க விறகு வேண்டுமே! சுற்றியிருந்த காடு அழிந்தது. பதினைந்து, இருபது ஆண்டுகளில் மண்ணும் சத்திழந்தது. பயிரிட்டவர்களில் பலர் ஜொகூருக்குப் போய்விட்டார்கள். ஆக, சிங்கப்பூரில் உழவன் ஓரிடத்தில் வேரூன்றுவது தொடக்கத்திலிருந்தே அரிதாக இருந்தது. பின்னால் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

20ஆம் நூற்றாண்டில் நகரம் பெருத்தபோது, அதற்குச் சோறும் கறியும் கொடுக்கும் கம்பங்கள் அதன் ஓரத்தில் தோன்றின. தோ பாயோ, பொத்தோங் பாசிர், பொங்கோல் எல்லாம் அப்படிப்பட்டவைதாம். தோ பாயோ என்றாலே பெரிய சதுப்புநிலம் என்று பொருள். அங்கே ஒரு குடும்பத்தின் பண்ணை எப்படி இயங்கியது? குளத்தில் மீனும் வாத்தும் இருக்கும். குளத்தில் படரும் ஆகாயத்தாமரையை வேகவைத்துப் பன்றிக்குத் தீவனமாகப் போடுவார்கள். பன்றியின் கழிவு கீரைப் பாத்திக்கு உரமாகும். போதாத தீவனத்துக்கு நகரத்து வீடுகளில் மிஞ்சிய உணவை வாளியில் சேகரிப்பார்கள். பெருநாள் வந்தால் அந்த வீடுகளுக்கு முட்டையோ கோழியோ அன்பளிப்பாகப் போகும். எதுவும் வீணாகாத இந்த ஏற்பாட்டை இன்று ஆய்வு செய்து பாராட்டுகிறார்கள். அன்று அதைச் செய்தவர்கள் பள்ளிக்கூடம் போகாதவர்கள். இந்தப் பண்ணைகளால் 1960களின் இறுதியில் பன்றியிறைச்சியிலும் முட்டையிலும் கோழியிலும் சிங்கப்பூர் தன்னிறைவு பெற்றிருந்தது.

1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அமைந்தது. நெருக்கடியான கடைவீடுகளில் ஓர் அறைக்குள் ஒரு குடும்பம் முடங்கிக் கிடந்த காலம் அது. வீடு கட்ட நிலம் தேவைப்பட்டது. தோ பாயோவில் குடியிருந்தவர்கள் எளிதில் கிளம்பவில்லை. அதனால் பணி தொடங்கவே தாமதமாயிற்று. 1966ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் அரசின் கையை வலுப்படுத்தியது.

இழப்பீடு கொடுக்கப்படாமல் இல்லை. அதிகாரிகள் வந்து ரம்புத்தான் மரம் எத்தனை, தென்னை எத்தனை, பன்றிக் கொட்டில் எவ்வளவு, குளம் எவ்வளவு என்று எண்ணி எழுதினார்கள். நிலத்துக்கு மட்டும் பெரும்பாலோருக்குப் பணம் இல்லை. ஏனென்றால் அது அவர்களுடையது அல்ல. வாடகைக்கு எடுத்ததாகவோ, அனுமதியின்றிக் குடியேறியதாகவோ இருந்தது. முப்பது ஆண்டுகள் எருவிட்டுப் பதமாக்கிய மண்ணுக்குக் கணக்கில் ஒரு வரிகூட இல்லாமல் போயிற்று.

வீடுகளைப் போலவே தண்ணீரும் பண்ணைகளை நகர்த்தியது. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1975இல் கிராஞ்சி நீர்த்தேக்கம் கட்டி முடிந்தது. குடிநீர் வரும் இடத்தில் பன்றிக் கழிவு கலக்கலாமா? அங்கிருந்த பண்ணைகள் பொங்கோலுக்கு மாற்றப்பட்டன. 1977இல் பிரதமர் லீ குவான் யூ, பத்தாண்டுக்குள் சிங்கப்பூர் ஆறும் காலாங் ஆறும் தூய்மையாக வேண்டும் என்றார். காலாங் வடிநிலத்திலிருந்து 610 பன்றிப் பண்ணைகளும் 500 வாத்துப் பண்ணைகளும் அகற்றப்பட்டன. 1987இல் ஆறுகள் தூய்மையாயின. குழாய்த் தண்ணீர் குடிக்கும் நாம் அந்த முடிவைக் குறை சொல்ல முடியாது.

எனினும் பொங்கோலுக்குப் போனவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். புதிய இடத்தில் புதிய கொட்டில்கள் கட்டிப் பத்தாண்டு ஆவதற்குள், 1984இல் துணைப் பிரதமர் கோ கெங் சுவீ, பன்றி வளர்ப்பே இனி நாட்டுக்கு வேண்டாம், படிப்படியாக நிறுத்தப்படும் என்று அறிவித்தார். கழிவைச் சுத்திகரிக்க ஆகும் செலவைவிட, இறைச்சியை வெளிநாட்டிலிருந்து வாங்குவது மேல் என்பது வாதம். கணக்கு சரியாகவே இருக்கலாம். ஒரே மனிதன் இரண்டு முறை பெயர்க்கப்பட்டதற்கு மட்டும் அந்தக் கணக்கில் இடமில்லை என்பது என் எண்ணம். ஐம்பது வயதில் அவருக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான். பிள்ளைகளுக்குத் தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் வேலை கிடைத்தது. கதவைத் திறந்தால் மின்விளக்கும் குழாயும் உள்ள வீட்டை அவர்கள் விரும்பினார்கள். தகப்பனாரோ நடைபாதையில் தொட்டி வைத்துக் குடைமிளகாயும் கீரையும் நட்டுக்கொண்டிருந்தார்.

1990 வாக்கில் கடைசிப் பன்றிப் பண்ணையும் மூடப்பட்டது. 1996இல் பொங்கோல் புதுநகர்த் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2011இல் பொங்கோல் ஆறும் அணைகட்டி நீர்த்தேக்கமாயிற்று. பன்றிக் கொட்டில்கள் இருந்த பகுதியில் இன்று மாலை நேரத்தில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள்.