சிகரெட்டுக்குப் பூட்டு போட்ட கதை

வருஷ முடிவு ஆடிட் வேலையில இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே முடியல. நடுவுல வீட்டுலயும் ஒரு விஷயம்.

துவைக்கப் போடும்போது பையனோட ஸ்கூல் கோட்டுப் பையில ஒரு பென் டிரைவ் கிடைச்சுது. கம்ப்யூட்டர்ல சொருகப் பார்த்தா போகல. மூக்குகிட்ட கொண்டு போனா மாம்பழ வாசனை. வேப்! அவனுக்கு வயசு 15. "என்னுது இல்லப்பா, ஃப்ரெண்டுது"ன்னான். (நானும் ஒரு காலத்துல சொன்ன வசனம்தான்.) இங்கிலாந்துல 2015 அக்டோபர் 1-லேர்ந்து 18 வயசுக்குக் கீழே இதை விற்கக் கூடாது, பெரியவங்க வாங்கிக் கொடுத்தாலும் குத்தம். அப்புறம் எப்படி வந்துச்சு?

கத்தி முடிச்சுட்டு ராத்திரி தூக்கம் வராம தேடினப்போதான் தெரிஞ்சுது, வயசைச் சரிபார்த்து போன் புளூடூத்துல "சரி" சொன்னாதான் புகை விடற வேப்பெல்லாம் இருக்குன்னு. அதோட பூர்வீகத்தைத் தோண்டினா முப்பது வருஷத்துக்கு மேல போகுது.

எங்க காளஹஸ்தியில அப்போ பூட்டே கிடையாது. 90-கள்ல கோயிலுக்குப் பக்கத்துல ஒரு பெட்டிக்கடை. மாமா சிகரெட் வாங்க என்னைத்தான் அனுப்புவார். கடைக்காரர் "எவரிகிரா?"ன்னு தெலுங்குல கேட்பார். "மாமாவுக்கு". அவ்வளவுதான், கேஒய்சி முடிஞ்சுது! மாமா மெட்ராஸ் போயிருந்த நாள்லயும் மாமாவுக்குன்னே வாங்கினோம். 18 வயசுக்குக் கீழே விற்கக் கூடாதுன்னு நாடு முழுக்கச் சட்டம் வந்தது 2003-ல. அதுக்குள்ள நான் பி.காம். முடிச்சு ஊரை விட்டே கிளம்பியாச்சு.

கேள்வி கேட்க ஆளே இல்லாத இடத்துல, அதாவது காசு போட்டா சிகரெட் தள்ளற மெஷின்லதான் முதல் பூட்டு வந்துச்சு. அமெரிக்காவுல மினசோட்டா மாநிலத்து செயின்ட் பால் நகரத்துல, 1990 வாக்குல, அந்த மெஷின்களுக்கு எலெக்ட்ரானிக் பூட்டு போடணும்னு சட்டம் கொண்டு வந்தாங்க. கடை ஆள் பார்த்து பட்டனைத் தட்டினாதான் திறக்கும். அதை ஆராய்ச்சி பண்ணி 1992-ல வெளியிட்டாங்க. சட்டத்துக்கு முன்னாடி, அந்தக் கடைகள்ல சின்னப் பசங்க முயற்சி பண்ணினா 100-க்கு 86 தடவை சிகரெட் கிடைச்சுதாம். மூணு மாசத்துல அது 36 ஆச்சு. பரவாயில்லையேன்னு பார்த்தா, ஒரு வருஷத்துல மறுபடி 48! ஏறக்குறைய மூணுல ஒரு கடைக்காரர் சட்டத்தையே மதிக்கல.

அடுத்தது ஜெர்மனி. இது நம்ம துறை, அதனால கொஞ்சம் நின்னு சொல்றேன். 2007 ஜனவரியிலேர்ந்து அங்க தெருவோர மெஷின்ல சிகரெட் வாங்கணும்னா பேங்க் கார்டைச் சொருகணும். சிப்புல இருக்கிற வயசுக் குறியைப் படிச்சு, 16 ஆகலைன்னா மெஷின் கையை விரிச்சிடும். 2009-லேர்ந்து அதுவே 18. அருமையான ஏற்பாடு. ஆனா ஒரு ஓட்டை: சிப்புக்குத் தெரிஞ்சது கார்டோட வயசு, கையோட வயசு இல்லை.

ஜப்பான்ல 2008-ல 'டாஸ்போ'ன்னு போட்டோ ஒட்டின ஒரு கார்டு. 20 வயசு ஆனவங்களுக்குத்தான். சொருகவே வேணாம், காட்டினா போதும், கம்பியில்லாமலே மெஷின் படிச்சுக்கும். நடந்தது என்ன? விற்பனை படுத்துடுச்சேன்னு சில கடைக்காரங்க தன்னோட கார்டையே மெஷின்ல தொங்கவிட்டாங்களாம்! கார்டு எதுக்குன்னு முகத்தைப் பார்த்து வயசு சொல்ற மெஷினும் வந்துச்சு. பத்திரிகையில இருந்த படத்தைக் காட்டியே அதை ஏமாத்தினதா செய்தி வந்து மானம் போச்சு. கார்டு எடுக்க சோம்பல்பட்டவங்க கூட்டம் கூட்டமா சின்ன சூப்பர் மார்க்கெட் பக்கம் போயிட்டாங்க. 2026 மார்ச்சோட டாஸ்போவுக்கு மூடுவிழான்னு பிறகு அறிவிச்சாங்க.

இப்போ வேப்புக்கு வரேன். பென் டிரைவ் மாதிரியே இருக்கிற 'ஜூல்' அமெரிக்காவுல 2015-ல வந்துச்சு. பள்ளிக்கூடமெல்லாம் பரவிடுச்சு. 2018 டிசம்பர்ல மார்ல்பரோ விற்கிற ஆல்ட்ரியா கம்பெனி 1,280 கோடி டாலர் கொட்டி அதுல 35 சதவீதப் பங்கு வாங்குச்சு. (2023-ல கையைக் கழுவிட்டுப் போயிட்டாங்க. எங்க கிரெடிட் கமிட்டியில இப்படி ஒரு ஃபைல் வந்திருந்தா என்னை ஓட ஓட விரட்டியிருப்பாங்க.) ஊரெல்லாம் திட்டினப்புறம் 2019-ல பிரிட்டன்ல 'சி1'ன்னு புளூடூத் மாடல் விட்டாங்க. ஆப்ல வயசை நிரூபிச்சாதான் வேலை செய்யும், வேணும்னா போன்லேர்ந்தே பூட்டியும் வைக்கலாம். அது ஆண்ட்ராய்டுக்கு மட்டும்தான். அந்த வருஷம் நவம்பர்ல ஆப்பிள் வேப் ஆப்களையே கடையை விட்டுத் தூக்கிடுச்சு. 2023 ஜூலையில போன் மூலமா வயசு பார்க்கிற புது மாடலுக்கு அமெரிக்க எஃப்டிஏகிட்ட மனு போட்டாங்க. 2025 ஜூலையில எஃப்டிஏ அனுமதி கொடுத்தது எதுக்குத் தெரியுமா? பூட்டே இல்லாத பழைய ஜூலுக்கு!

பேங்க் லாக்கருக்கு ரெண்டு சாவி. ஒண்ணு கஸ்டமர்கிட்ட, ஒண்ணு எங்ககிட்ட. ரெண்டு பேரும் நேர்ல நின்னாதான் திறக்கும். இந்தப் பூட்டுகள்ல சாவி எல்லாம் வாங்கறவர் கையிலயே. ஒரு அண்ணன் தன் போன்ல திறந்து தம்பி கையில கொடுத்துட்டா அப்புறம் அது என்ன செய்யும்? என் பையன் கோட்டுல இருந்ததுக்கு அந்தப் பூட்டுகூட கிடையாது, அது வேற.

இந்தியாவுல இந்தப் பேச்சுக்கே இடமில்லை. தமிழ்நாடு 2018-லயே தடை போட்டுச்சு. 2019 செப்டம்பர் 18-ல மத்திய அரசு அவசரச் சட்டம் போட்டு, டிசம்பர்ல அதையே சட்டமாக்கிட்டாங்க. விற்பனை மட்டுமில்ல, இறக்குமதியும் குத்தம். முதல் தடவைக்கே ஒரு வருஷம் வரை ஜெயில், இல்லேன்னா லட்ச ரூபாய் வரை அபராதம், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். லீவுக்கு ஊருக்குப் போறவங்க பசங்க பையை ஒரு தடவை பார்த்துடுங்க.

நாங்களும் டிசம்பர்ல போறோம். காளஹஸ்தி இப்போ சித்தூர் மாவட்டம் இல்லை, 2022-லேர்ந்து திருப்பதி மாவட்டம். திருமலைக்குப் போற வழியில அலிபிரியில சிகரெட், பீடி இருக்கான்னு பையைத் திறந்து பார்ப்பாங்க. "அங்க என்னப்பா கேட்பாங்க?"ன்னு பையன் கேட்டான். சொன்னேன். அப்படியே பெட்டிக்கடை, மாமா கதையையும் சொல்லிட்டேன். ரொம்ப நேரம் சிரிச்சான். அப்புறம், "மாமா தாத்தாவுக்கு இன்னும் தெரியாதா?"ன்னான்.