கொல்லிப்பாவை சிரித்தாளா?

கொல்லிமலை என்றதும் நம் வயதுக்காரர்களுக்கு வல்வில் ஓரிக்கு முன்னால் நினைவுக்கு வருவது, சிரித்தே ஆளைக் கொல்லும் கொல்லிப்பாவைதான். பாட்டிமார் சொன்ன கதை. பிறகு சித்தர், மூலிகை, மாந்திரீகம் எல்லாம் அதோடு சேர்ந்துகொண்டன.

ஓய்வு பெற்ற பிறகு சங்கப் பாடல்களைப் புரட்டினேன். குறுந்தொகை, நற்றிணை, அகநானூறு மூன்றிலும் பாவை வருகிறாள். தெய்வம் செய்த அழகிய உருவம் என்கிறார்கள். தலைவியின் அழகுக்கு அவளை உவமை சொல்கிறார்கள். காற்று மோதினாலும் இடி விழுந்தாலும் நிலமே அதிர்ந்தாலும் அவள் அழகு மாறாது என்கிறது ஒரு நற்றிணைப் பாட்டு. பலா மரமும் வெள்ளருவியும் அதே பாட்டில் உண்டு. இரண்டும் இன்றும் மலையில் இருக்கின்றன. இன்னொரு நற்றிணைப் பாட்டில் மட்டும் ஒரு தலைவன், பாவையைப் போல அவளும் தன்னைக் கொல்லப் பார்க்கிறாள் என்று புலம்புகிறான். அது காதல் நோவு. அங்கும் சிரிப்பு இல்லை.

இதைப் படித்தபோது ஈஸ்டர் தீவு நினைவுக்கு வந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்குப் பியேர் லோத்தி பழக்கமான பெயர். புதுச்சேரிக்கும் வந்து எழுதியவர் அவர். 1872-ல் இளம் கடற்படை அதிகாரியாக அந்தத் தீவில் இறங்கி, சிலைகளைப் படம் வரைந்தார். அவர் வந்த கப்பல் ஒரு சிலையின் தலையைப் பாரிஸுக்கு எடுத்துப்போனது. இன்றும் அது அங்கே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சிலி நாட்டிலிருந்து சுமார் 3,500 கிலோமீட்டர் தள்ளி, நடுக்கடலில் இருக்கும் தீவு அது. அங்கே ஏறத்தாழ 900 கற்சிலைகள். யார் செய்தார்கள்? மூழ்கிய கண்டத்தார், வானத்திலிருந்து வந்தவர் என்றெல்லாம் எழுதினார்கள். ஆனால் ரானோ ரராக்கு என்ற எரிமலைச் சரிவில், பாறையிலிருந்து இன்னும் பிரிக்கப்படாத சிலைகள் அப்படியே கிடக்கின்றன. செதுக்கிய கல்லுளிகளும் அங்கேயே கிடைத்தன. செய்தவர்கள் ராப்பா நூயி மக்களின் முன்னோர்களேதான். 1862-63-ல் பெருவிலிருந்து வந்த ஆள்பிடிக்கும் கப்பல்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அடிமையாகக் கொண்டுபோயின. திரும்பிய சிலரோடு பெரியம்மையும் வந்தது. 1877-ல் மிஞ்சியவர்கள் 111 பேர். பழைய கதைகளைச் சொல்லத் தெரிந்த பெரியவர்களில் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் விட்டுப்போன இடத்தில்தான் வெளியார் மர்மத்தைக் கொண்டுவந்து நிரப்பினார்கள்.

கொல்லிமலைக்கு அந்தக் கதி நேரவில்லை. மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடியினர் (கேரளத்தவர் அல்லர்) தலைமுறை தலைமுறையாக அங்கே தினையும் சாமையும் விதைத்து வாழ்கிறார்கள். கொல்லிப்பாவைக்கு, எட்டுக்கை அம்மனுக்குக் கோயில் இருக்கிறது, பூசை நடக்கிறது. பாவை அவர்களுக்குப் பேய் அல்ல, கும்பிடும் தெய்வம். ஆனால் பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்கும் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். கதை சொல்லும் பெரியவர்களுக்கோ நம்மைப் போல வயதாகிறது.

அடுத்த முறை 70 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகிறவர்கள் அருவியைப் பார்த்ததோடு திரும்பிவிட வேண்டாம். அங்குள்ள ஒரு பெரியவரோடு திண்ணையில் உட்கார்ந்து, பாவையைப் பற்றி அவர் சொல்வதைக் கேளுங்கள். முடிந்தால் எழுதி வையுங்கள்.