பஞ்சு வரி: 'தற்காலிகம்' என்ற சொல்லின் கதை

2025 ஆகஸ்ட். ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து ராஜபாளையம் போற பஸ்ஸில் பக்கத்தில் இருந்த நூற்பாலைக்காரர் சொன்னார்: "பஞ்சுக்கு வரிய எடுத்துட்டாங்க, சந்தோஷம். ஆனா செப்டம்பர் 30 வரைக்கும்தானாம். இன்னிக்கு ஆர்டர் போட்டா அதுக்குள்ள கப்பல் வந்துருமா?"

நியாயமான கேள்வி. இறக்குமதிப் பஞ்சுக்கு 2021 பட்ஜெட்டில்தான் வரி வந்தது. செஸ் எல்லாம் சேர்த்து 11%. விவசாயிகளுக்காக என்று நிதியமைச்சர் உரையிலேயே சொன்னார். 2022-ல் பஞ்சு விலை ஏறியதும் ஏப்ரல் 14 முதல் செப்டம்பர் 30 வரை விலக்கு; அப்புறம் அது அக்டோபர் 31 ஆனது. 2025-ல் அமெரிக்கா 50% வரி போட்டபோது மறுபடி விலக்கு, ஆகஸ்ட் 19 முதல். பத்தே நாளில் கெடு டிசம்பர் 31-க்கு நீண்டது.

இந்தக் கதை புதுசு இல்லை. 1894-ல் ரூபாய் மதிப்பு சரிந்து பட்ஜெட்டில் துண்டு விழுந்தது. வெள்ளைக்கார அரசு இறக்குமதித் துணிக்கு 5% வரி போட்டது. லங்காஷயர் முதலாளிகள் கொதித்ததால் இந்திய ஆலை நூலுக்கும் கலால் வரி வந்தது. 1896-ல் அது ஆலைத் துணிமேல் 3.5% ஆக மாறி முப்பது வருஷம் ஓடியது. 1925-ல் கூலிக்குறைப்பை எதிர்த்து பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். டிசம்பரில் அரசு அந்த வரியை 'நிறுத்தி' வைத்தது. ரத்து இல்லை, நிறுத்தம்தான். ஆனால் திரும்பப் போட முடியவில்லை. 1926-ல் ஒழிந்தே போனது. 1936-ல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கியபோது அந்த வரி பழங்கதை.

எனக்குப் படுவது இதுதான். வரி போடுவது பட்ஜெட்டில், நாடாளுமன்ற விவாதத்தோடு. விலக்கு வருவது வருஷ நடுவில், சுங்கச் சட்டப்படி ஓர் அறிவிக்கையில். கஜானாவுக்கு எவ்வளவு குறையும், யார் ஈடு கட்டுவார்கள் என்று முன்கூட்டியே யாரும் விவாதிப்பதில்லை. கெடு நீளும்போதெல்லாம் பட்ஜெட்டில் போட்ட வருமானக் கணக்கும் தப்பும்.

குறுகிய கெடுவால் லாபம் ஏற்கெனவே கடலில் வந்துகொண்டிருக்கும் சரக்குக்குத்தான். கெடு நீண்டால் அக்டோபரில் தொடங்கும் புதுப் பஞ்சு வரத்தோடு மோதும். அப்போது அடி வாங்குவது எந்த விவசாயிக்காக 2021-ல் வரி போட்டார்களோ, அவர்தான். மில்லும் வேணும், கரிசக்காட்டுப் பருத்தியும் வேணும் நமக்கு. வரி இருக்கட்டும், இல்லாமப் போகட்டும். எதுவானாலும் பட்ஜெட்டிலேயே சொல்லிட்டா ரெண்டு பேரும் கணக்குப் போட்டுப் பிழைச்சுக்குவாங்க.